இருபத்தைந்தில் ஒரு பங்கு

நெதர்லாந்தின் ஹேக் நகரில், கடலை ஒட்டிய ஸ்கெவெனிங்கன் பகுதியில், ஜார்ஜ் மடுரோ சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தச் சதுக்கத்தின் 1ஆம் எண் முகவரியில் இருப்பது மடுரோடம் என்ற பூங்கா. அந்நாட்டின் பெயர்பெற்ற தேவாலயங்கள், கால்வாயோர வீடுகள், காற்றாலைகள், துறைமுகம், விமான நிலையம், கடலணை எல்லாம் அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கி அங்கே நிற்கின்றன. 1952 ஜூலை 2 அன்று திறக்கப்பட்டது. குழந்தைகளை அழைத்துப்போக ஏற்ற இடம் என்று சுற்றுலாக் கையேடுகள் அதைச் சொல்லும், உண்மைதான். ஆனால் அது ஒரு போர் நினைவுச்சின்னமும்கூட. டாக்காவ் வதைமுகாமில் இறந்துபோன மகனுக்காகத் தாயும் தந்தையும் எழுப்பியது.

உலகெங்கும் இப்போது இத்தகைய சிற்றுருப் பூங்காக்கள் ஏராளம். புகழ்பெற்ற கட்டடங்களை ஓரிடத்தில் சுருக்கி வைத்து, நடந்து பார்க்க விடுகிற இடங்கள். அவற்றை விளையாட்டுச் சமாச்சாரமாக எண்ணிக் கடந்துபோவதே வழக்கம். ஒரு நாட்டையோ நகரத்தையோ சிறிதாக்கிக் காட்ட யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், எதை உள்ளே சேர்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தால் அந்தப் பூங்காக்கள் வேறுவிதமாகப் பேசுகின்றன. மடுரோடத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஜார்ஜ் மடுரோ 1916இல் கரீபியக் கடலில் உள்ள குரசாவ் தீவின் வில்லம்ஸ்டாட் நகரில் பிறந்தவர். குரசாவ் அன்று டச்சுக் குடியேற்றநாடு. போர்ச்சுக்கீசிய வழிவந்த யூத வணிகக் குடும்பம் அவருடையது. தீவின் வாணிகத்திலும் கப்பல் தொழிலிலும் வங்கியிலும் மடுரோ என்ற பெயர் தலைமுறைகளாகப் பதிந்திருந்தது. படிக்க நெதர்லாந்து வந்தார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். குதிரைப்படையின் துணைநிலை அதிகாரியானார். 1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, ஹேக் நகருக்கு அருகே ஒரு மாளிகையைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானிய பாராசூட் வீரர்களைத் தாக்கி அதை மீட்ட சிறு அணிக்கு அவர்தான் தலைமை. ஐந்து நாள் சண்டையில் நாடு சரணடைந்தது. மடுரோவை ஸ்கெவெனிங்கன் சிறையில் அடைத்தார்கள். ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் எதிர்ப்பாளர்களால் நிரம்பிக் கிடந்த சிறை அது. டச்சு மக்கள் அதற்கு 'ஆரஞ்சு ஹோட்டல்' என்று பெயரிட்டிருந்தார்கள். அரச குடும்பத்தின் நிறம் ஆரஞ்சு. இன்று பூங்கா இருப்பதும் அதே ஸ்கெவெனிங்கனில்தான்.

விடுதலையாகி வந்தபின் யூதர்களுக்கான மஞ்சள் நட்சத்திரத்தை அணிய மறுத்துத் தலைமறைவானார். சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளை ஸ்பெயின் வழியாகப் பிரிட்டனுக்குக் கடத்தி அனுப்பும் வேலையில் ஈடுபட்டார். காட்டிக்கொடுக்கப்பட்டார். சார்புரூக்கன் சிறையில் இருந்தபோது அந்தக் கட்டடத்தின் மீது குண்டு விழ, இடிபாடுகளுக்குள் நுழைந்து சிக்கியவர்களை வெளியே இழுத்துக் காப்பாற்றியதாகப் பதிவுகள் சொல்கின்றன. கடைசியில் டாக்காவ். 1945 பிப்ரவரியில் அங்கே டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 28. அமெரிக்கப் படைகள் முகாமை விடுவித்தது ஏப்ரல் 29 அன்று. இடையில் மூன்று மாதம்கூட இல்லை. 1946இல் நெதர்லாந்தின் மிக உயர்ந்த படைவீர விருதான வில்லியம் ராணுவ விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பெற்றோர் யோசுவா மடுரோ, ரெபெக்கா மடுரோ. மகன் பெயரில் ஒரு சிலையோ கல்வெட்டோ வைத்து அவர்கள் அமைந்திருக்கலாம். பெப் பூன்-வான் டெர் ஸ்டார்ப் என்ற பெண்மணி வேறொரு யோசனையோடு வந்தார்.

லாரன் என்ற ஊரில் மாணவர்களுக்கென்றே ஒரு காசநோய்ச் சானடோரியம் நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்த ஐரோப்பாவில் காசநோய் பரவலாக இருந்தது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், படுக்கை ஓய்வுதான் மருத்துவம். படிப்பு அறுந்துபோகாமல் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்துத் தேறலாம் என்பது அந்தச் சானடோரியத்தின் சிறப்பு. தங்கியிருப்பது நீளும்போது செலவும் நீளும். அதன் நிர்வாகக் குழுவில் இருந்த பூன்-வான் டெர் ஸ்டார்ப் இங்கிலாந்தில் பெக்கன்ஸ்காட் என்ற மாதிரிக் கிராமத்தைப் பற்றி அறிந்திருந்தார். கட்டணம் கொடுத்து மக்கள் பார்க்க வருகிறார்கள். அந்தப் பணம் மருத்துவ உதவிக்குப் போகிறது. அதே வழியில் ஒரு சிறு டச்சு நகரத்தைக் கட்டினால் சானடோரியத்துக்கு நிலையான வருமானம் கிடைக்கும் என்று கணக்கிட்டார். மடுரோ தம்பதியர் தொடக்க மூலதனத்தைக் கொடுத்தார்கள். நகருக்கு மகன் பெயர் வைக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம் போல அணையைக் குறிக்கும் விகுதியும் சேர்ந்துகொண்டது.

இந்த முடிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. படிக்க அனுப்பிய மகனை இழந்தவர்கள், படிக்கப்போன இடத்தில் நோயில் விழுந்த பிறர் பிள்ளைகளுக்காகப் பணத்தை வைத்தார்கள். துயரத்தைக் காட்டும் உருவம் எதையும் கேட்கவில்லை. குழந்தைகள் சிரித்துக்கொண்டு ஓடும் இடமாக அது இருக்கட்டும் என்று விட்டார்கள். கட்டடக்கலைஞர் சீபே யான் பௌமா வரைந்த நகரமைப்பில் பழைய கோட்டையூர் நடுவே இருக்க, நூற்றாண்டுகள் வழியாக அதைச் சுற்றி ஊர் பெருகி நவீனத் துறைமுகத்தில் முடிந்தது. 'புன்னகைக்கும் சிறுநகரம்' என்பது அதன் அடைமொழி. நகரம் என்றால் மேயர் வேண்டுமல்லவா? 14 வயது இளவரசி பியாட்ரிக்ஸ் மேயராகப் பதவியேற்றார். 1980இல் நாட்டின் அரசியாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பிறகு ஹேக் நகரப் பள்ளி மாணவர்களிடையே இருந்து மேயர் தேர்ந்தெடுக்கப்படும் வழக்கம் வந்தது.

முன்மாதிரியான பெக்கன்ஸ்காட்டையும் சற்றுப் பார்த்துவிட வேண்டும். லண்டனுக்கு மேற்கே பீக்கன்ஸ்ஃபீல்ட் ஊரில் ரோலண்ட் காலிங்ஹாம் என்ற கணக்காய்வாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் 1920களின் கடைசியில் தொடங்கியது. தலைமைத் தோட்டக்காரரும் வீட்டுப் பணியாளர்களும் சேர்ந்து மண்ணை வெட்டி, குளம் அமைத்து, ரயில் ஓட்டினார்கள். விருந்தினருக்கு வேடிக்கை காட்ட உண்டாக்கிய தோட்டம் 1929இல் பொதுமக்களுக்குத் திறந்தது. காணிக்கையாக வந்த காசு அறப்பணிக்குப் போயிற்று. அங்கே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. உள்ளே இருக்கும் ஊர்கள் கற்பனை ஊர்கள். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நூலகத்தில் எடுத்துப் படிக்கப்பட்ட எனிட் பிளைட்டன் அதே பீக்கன்ஸ்ஃபீல்டில் குடியிருந்தவர்; அவருடைய வீட்டின் சிற்றுருவும் அந்தத் தோட்டத்தில் இருக்கிறது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கேயும் புதுமைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1992இல் அந்தப் போக்கைக் கைவிட்டு, எல்லாவற்றையும் 1930களுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். மடுரோடம் இதற்கு நேர்மாறான வழியில் நடந்தது. நாட்டில் புதிய பாலம் எழுந்தால் பூங்காவிலும் எழ வேண்டும். விமானத்தின் வண்ணம் மாறினால் இங்கும் மாற வேண்டும்.

பெக்கன்ஸ்காட், மடுரோடம், 1958இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றுக்காகத் தொடங்கிய மினிமுண்டுஸ். முதல் தலைமுறைப் பூங்காக்களில் முக்கியமான இந்த மூன்றும் அறக்கொடையோடு பிணைந்தவை. பொழுதுபோக்குத் தொழிலாக இது வளர்ந்தது பின்னால்தான்.

இனி அளவுக்கு வருவோம். அங்கேதான் இந்தப் பூங்காக்களின் உண்மையான கைத்திறன் ஒளிந்திருக்கிறது.

1:25 என்பது பார்வைக்கு எளிய எண். உட்ரெக்ட் நகரின் டோம் கோபுரம் நெதர்லாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம், 112 மீட்டர். மடுரோடத்தில் அது நாலரை மீட்டர். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். அதே அளவில் ஐந்தரை அடி மனிதர் உள்ளங்கைக்குள் அடங்கும் 7 சென்டிமீட்டர் பொம்மை. பார்வையாளரின் கண் மூன்றாம் நான்காம் மாடிக் கூரைகளுக்கு மேலே, கோபுரங்களுக்குக் கீழே மிதக்கிறது. பறவைக்கு மட்டுமே வாய்க்கும் அந்த உயரத்தில் கால் தரையில் பதிய நடக்கலாம். இதைவிடப் பெரிதாக்கினால் நிலமும் செலவும் கைமீறும். 1:100 அளவுக்குக் குறைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் கட்டட மாதிரி ஆகிவிடும். அதற்குள் நடக்க முடியாது. பிரஸ்ஸல்ஸின் மினி-யூரோப், இஸ்தான்புல்லின் மினியாதுர்க், ஜப்பானின் டோபு வேர்ல்ட் ஸ்கொயர் ஆகியவையும் இதே 1:25 அளவையே எடுத்துக்கொண்டதற்கு மடுரோடத்தின் செல்வாக்கோடு இந்தப் பொருத்தமும் காரணமாக இருக்க வேண்டும்.

சுவரையும் கூரையையும் சுருக்கலாம். இயற்கை சுருங்க மறுக்கும். பத்து மீட்டர் மரத்தை நாற்பது சென்டிமீட்டரில் வளர்க்கலாம். ஆனால் அதன் இலை அந்த விகிதத்தில் சிறுக்காது. எட்டு சென்டிமீட்டர் இலை ஒன்று அந்த நகரத்தில் இரண்டு மீட்டர் அகலப் பலகை. ஆகவே இயல்பிலேயே நுண்ணிலை கொண்ட செடிகளையும் குட்டை ஊசியிலை மரங்களையும் தேர்ந்து, ஆண்டு முழுவதும் கத்தரித்து, வேரை அடக்கி வளர்க்கிறார்கள். மடுரோடத்தில் இப்படி ஆயிரக்கணக்கான மரங்கள். தோட்டக்காரர் ஒரு வாரம் கையை எடுத்தால் நகரத்தின் அளவு குலைந்துவிடும். மாதிரி செய்பவர்களை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தோட்டக்காரர்கள் மீதுதான் மதிப்பு அதிகம். கட்டடத்தை ஒருமுறை செய்தால் சில ஆண்டுகள் நிற்கும். மரத்தைத் தினமும் சிறிதாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் குருவிக்கும் யாரும் அளவு சொல்ல முடியாது. கால்வாய்க்கரையில் வந்து உட்காரும் சிட்டுக்குருவி அந்த ஊரின் கணக்கில் மூன்றரை மீட்டர் நீளம்.

காலமும் சுருங்காது என்பதைச் சிலர்தான் கவனிக்கிறார்கள். அசல் டோம் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தால் தரைதொட ஏறக்குறைய 4.8 விநாடி ஆகும். சிற்றுருக் கோபுரத்திலிருந்து விழுந்தால் ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைவு. நீளம் இருபத்தைந்தில் ஒன்றாகக் குறையும்போது, புவியீர்ப்பு மாறாமல் இருப்பதால், காலம் அதன் வர்க்கமூலமான ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. துறைமுகக் குளத்தில் நிற்கும் கப்பல் படபடவென்று ஆடுவதும், நீரூற்றின் நீர் அவசரமாக விழுவதும் இதனால்தான். கப்பல் மூழ்கும் திரைப்படக் காட்சிகளை மாதிரிக் கப்பலை வைத்து எடுத்த நாட்களில் ஒளிப்பதிவாளர்கள் கேமராவை வேகமாக ஓடவிட்டு, திரையில் மெதுவாக்கிக் காட்டினார்கள். நேரில் நிற்பவரின் கண்ணுக்கு அப்படி ஓர் உதவி கிடையாது. மடுரோடத்துக் கப்பல் உண்மைபோல் தோன்ற வேண்டுமானால் அசையாமல் நிற்க வேண்டும்.

இதன் பின்னுள்ள இயற்பியலின் ஒரு பாதிக்கு டச்சு மண்ணோடு நேரடி உறவு உண்டு. உருவம் பெருகும்போது எடை நீளத்தின் கனத்துக்கேற்பவும், தாங்கும் வலிமை அதன் வர்க்கத்துக்கேற்பவும் கூடுகின்றன. ஆகையால் சிறிதாக நிற்பது பெரிதாகவும் நிற்கும் என்று நம்ப முடியாது. இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் கலீலியோ. மதவிசாரணை மன்றத்தின் தண்டனைக்குப்பின் இத்தாலியில் அவர் நூலை அச்சிட வழியில்லாமல் போக, 1638இல் லெய்டனின் எல்செவியர் அச்சகம் அதை வெளியிட்டது. மூன்று நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் மடுரோ படிக்க வந்த ஊர். 1:25 மாதிரியின் எடை, அசலில் 15,625இல் ஒரு பங்கு. அதனால்தான் உள்ளே இரும்பும் கல்லும் இன்றிப் பலகையும் பிளாஸ்டிக்கும் கொண்டு ஒரு பேராலயத்தை நிறுத்திவிட முடிகிறது. மாதிரிக்குப் பகை அதன் எடை அன்று, வெயிலும் உறைபனியும்தான். ஆண்டு முழுவதும் வெளியில் நிற்கும் நுண்வேலைப்பாட்டை ஓயாமல் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய், வண்ணம் பூசி, மீண்டும் வைக்க வேண்டியிருக்கிறது.

மடுரோடம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், நாட்டின் வேறொரு பகுதியில், கடலிலிருந்து மீட்டெடுத்த புதுநிலத்தில் டச்சுப் பொறியாளர்கள் இன்னொரு சிற்றுரு உலகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வாட்டர்லோப்போஸ் என்று பெயர், நீரோட்டக் காடு. டெல்ஃப்ட் நீரியல் ஆய்வகம் 1951 வாக்கில் அங்கே திறந்தவெளி மாதிரிகளைக் கட்டத் தொடங்கியது. பக்கத்துக் கால்வாயின் நீர்மட்டத்தைவிட அந்த நிலம் சில மீட்டர் தாழ்வு என்பதால் பம்பு இல்லாமலே தண்ணீர் பாய்ந்தது. டச்சுத் துறைமுகங்களும் நைஜீரியாவின் லாகோஸ் உள்ளிட்ட வெளிநாட்டுத் துறைமுகங்களும் அங்கே மரங்களுக்கிடையே சிறிதாகக் கட்டப்பட்டு, அலை எழுப்பி, மணல் எங்கே சேரும், அணை எந்த வேகத்தைத் தாங்கும் என்று சோதிக்கப்பட்டன. 1990களின் நடுவில் கணினி அந்த வேலையை எடுத்துக்கொண்டபின் காடு மாதிரிகளை மூடியது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட நாட்டுச் சின்னம். பாசி படிந்த துறைமுகங்களின் ஊடே நடந்து பார்க்கலாம்.

இவ்வகை மாதிரிகளில் பொறியாளர்கள் கண்ணுக்கு அழகான விகிதத்தை வேண்டுமென்றே மீறினார்கள். அமெரிக்காவில் 1943இல் ஜெர்மானியப் போர்க்கைதிகளின் உழைப்பைக் கொண்டு தொடங்கிய மிசிசிப்பி ஆற்றுப்படுகை மாதிரியில் நீளஅகலம் 1:2000, ஆழமோ 1:100. ஏன் இந்தப் பாகுபாடு? ஆழத்தையும் 1:2000 ஆக்கினால் பத்து மீட்டர் ஆறு ஐந்து மில்லிமீட்டர் படலமாகிவிடும். தரை உராய்வும் நீரின் பரப்பிழுவிசையும் ஆற்றின் போக்கை விழுங்கிவிடும். பார்க்கப் பொய்யாக இருந்தால்தான் நீர் உண்மையாக நடந்துகொள்கிறது. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆய்வு நிலையத்தில் துறைமுகங்களும், திருவள்ளூர் மாவட்டம் பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஆய்வு நிலையத்தில் அணைகளும் மதகுகளும் இம்முறையில் சிறிதாகக் கட்டிச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியின் கரையிலேயே இத்தகைய ஓர் உலகம் இருப்பதை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறோம்?

நெதர்லாந்தில் இந்த இரு சிற்றுரு உலகங்களும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. மடுரோடம் திறந்து ஏழு மாதம் ஆன நிலையில், 1953 ஜனவரி 31 இரவு வட கடல் கரையுடைத்து உள்ளே வந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக எழுந்த டெல்டா அணைத்தொடரின் உச்சமான கிழக்கு ஸ்கெல்ட் புயலலைத் தடுப்பு 1986இல் முடிந்தது. ஒன்பது கிலோமீட்டர் நீளம், வேண்டும்போது இறக்கி மூடும் எஃகுக் கதவுகள். பொறியாளர்கள் மாதிரிகளில் சோதித்துக் கட்டிய அந்த அணை, பிறகு மடுரோடத்தில் குழந்தைகள் பார்க்கும் மாதிரியாக வந்து சேர்ந்தது. மாதிரியிலிருந்து அசல், அசலிலிருந்து மீண்டும் மாதிரி. நிலத்தில் கால்பங்குக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நாட்டில் இந்தப் பயணம் இயல்பானதே. தான் வாழும் மண்ணையே திட்டம் போட்டுச் செய்துகொண்டவர்கள் அவர்கள்.

ஒரே அளவுவிகிதத்தை எல்லாக் கட்டடத்துக்கும் வைப்பதை நான் ஒரு நேர்மையாகவே பார்க்கிறேன். பிரதமர் அலுவலகமும் மீனவர் வீடும் ஒரே எண்ணால் வகுக்கப்படுகின்றன. சீனாவின் ஷென்சென் நகரில் 1994இல் திறந்த 'உலகின் ஜன்னல்' பூங்காவில் ஈஃபில் கோபுரம் 108 மீட்டர் உயரம், அசலில் மூன்றில் ஒரு பங்கு. மற்றவை வேறு வேறு விகிதங்களில் இருக்கின்றன. டெல்லியில் 2019இல் பழைய இரும்பைக் கொண்டு செய்த உலக அதிசயப் பூங்காவிலும் பொதுவான விகிதம் இல்லை. கழிவைக் கலையாக்கிய அந்த உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் தாஜ்மகாலும் பிரமிடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒன்றின் பெருமையை இன்னொன்றால் அளக்க முடியாது. நிழற்படத்துக்கான பின்னணியாக ஒவ்வொன்றும் தனித்து நின்றுவிடுகிறது.

விகிதம் நேர்மையாக இருந்தாலும் தேர்வு அப்படி இருக்கும் என்பதில்லை.

எருசலேமில் ஒரு மாதிரி நகரம் உண்டு. கட்டுவித்தவர் ஹான்ஸ் குரோக். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வங்கி நடத்தி, நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். அவருடைய மகன் யாக்கோபு 1948 போரில் இறந்தார். மகனின் நினைவாக, மேற்கு எருசலேமில் இருந்த தன் ஹோட்டலின் வளாகத்தில் பழைய எருசலேமின் மாதிரியைக் கட்டச் சொன்னார். வரலாற்றாசிரியர் மைக்கேல் அவி-யோனா பழைய நூல்களையும் அகழ்வாய்வையும் துணைகொண்டு வடிவமைத்தார், அளவு 1:50, 1966இல் திறந்தது. உரோமானியருக்கு எதிரான கலகம் வெடித்த கி.பி. 66இல் நகரம் எப்படி இருந்ததோ அப்படி: ஏரோது எடுப்பித்த கோயில் நடுவில், நான்கு ஆண்டுகளில் அழியப்போகும் தருணத்தில். மடுரோ தம்பதியரைப் போலவே போரில் மகனை இழந்த தந்தை. அவர்களைப் போலவே அவரும் ஒரு நகரத்தைச் சிறிதாக்கினார். மாதிரி திறந்த ஆண்டில் பழைய எருசலேம் ஜோர்தானின் கையில் இருந்தது. மேற்குப் பகுதி யூதர்கள் அந்தக் கோயில் வளாகத்தில் எஞ்சிய மேற்குச் சுவருக்குப் போய்ப் பிரார்த்திக்க வழியில்லை. போக முடியாத இடத்துக்குப் பதிலாக இந்த மாதிரி இருந்தது. 1967இல் நிலை மாறியது. பிறகு நடந்த அகழ்வாய்வுகளுக்கு ஏற்ப மாதிரியையும் திருத்தினார்கள்; 2006இல் துண்டுதுண்டாகப் பிரித்து இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கோயில் நின்ற குன்றை இஸ்தான்புல்லிலும் பார்க்கலாம். பொற்கொம்புக் கழிமுகத்தை ஒட்டி 2003இல் அந்நகர மாநகராட்சி திறந்த மினியாதுர்க்கில் இஸ்தான்புல்லுக்கு ஒரு பகுதி, அனத்தோலியாவுக்கு ஒரு பகுதி, இன்றைய துருக்கிக்கு வெளியே போய்விட்ட உதுமானியப் பேரரசின் நிலங்களுக்கு ஒரு பகுதி. போஸ்னியாவின் மோஸ்தார் பாலம் அங்கே இருக்கிறது. எருசலேமின் பாறைக் குவிமாடமும் இருக்கிறது. ஒரு மாதிரியில் அந்தக் குன்றின்மேல் ஏரோதின் கோயில். மற்றொன்றில் ஏழாம் நூற்றாண்டின் பொற்குவிமாடம். இரண்டும் வரலாற்றில் உண்மை. எந்த நூற்றாண்டில் கடிகாரத்தை நிறுத்துவது என்ற ஒரே முடிவு, ஆயிரம் ஆண்டு மக்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிடப் போதும். இந்த இரண்டையும் பார்த்தவர்கள் இனி எந்தச் சிற்றுருப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் ஆண்டைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஜகார்த்தாவில் விசாரிக்க வேண்டியது எல்லையை. அதிபர் சுகார்த்தோவின் மனைவி தியென் சுகார்த்தோ டிஸ்னிலாந்தைப் பார்த்துவிட்டு வந்து முன்வைத்த திட்டம் 'தமான் மினி இந்தோனேசியா இந்தா'; அழகிய சிற்றுரு இந்தோனேசியா. ஏழை நாட்டுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று மாணவர்கள் 1970களின் தொடக்கத்தில் தெருவில் இறங்கினார்கள். அதிபர் கடுமையாக எச்சரித்தார். பூங்கா 1975இல் திறந்தது. ஏரியின் நடுவே தீவுக்கூட்டத்தின் வரைபடம் மண்ணால் அமைந்தது. சுற்றிலும் மாகாணத்துக்கு ஒரு மண்டபம், அந்தந்த மக்களின் மரபுவீடு, உடை. அதே ஆண்டின் இறுதியில் இந்தோனேசியப் படை கிழக்குத் திமோருக்குள் புகுந்தது. இணைக்கப்பட்ட மாகாணத்துக்கும் பூங்காவில் ஒரு மண்டபம் எழுந்தது. 2002இல் அது தனிநாடான பின் மண்டபம் அருங்காட்சியகமாயிற்று. நவராத்திரிக் கொலுவில் கீழே அமைக்கும் பூங்காவில் எந்த பொம்மையை எங்கே வைப்பது என்பது வீட்டாரின் ஆசை. அரசு அதே வேலையைச் செய்யும்போது பொம்மைக்குப் பின்னால் படை நிற்கிறது.

ஜப்பானின் நிக்கோ பகுதியில் 1993இல் திறந்த டோபு வேர்ல்ட் ஸ்கொயரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. 2001க்குப் பிறகும் எடுக்கவில்லை. நல்ல முடிவு என்றே சொல்வேன். ஓர் இழப்பை நினைவூட்ட வேறு பலகை தேவைப்படவில்லை.

இதே கேள்விகளை மடுரோடத்திடமும் கேட்டாக வேண்டும். நாட்டின் ஒளிமுகத்தையே அது காட்டுகிறது. நாணயம் போட்டால் குட்டி லாரி ஒன்று மரக்காலணி கொண்டுவந்து தரும். ரயில்கள் சுமார் நான்கு கிலோமீட்டர் தண்டவாளத்தில் சுற்றும். பாலாடைக்கட்டிச் சந்தை நடக்கும். ஆக்கிரமிப்புக்கு முன் அந்நாட்டில் இருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் என்பதை அந்தத் தெருக்களின் வழியே நடந்து யாரும் அறிய முடியாது. குரசாவைச் சேர்ந்தவர் பெயரைத் தாங்கிய பூங்காவில், வில்லம்ஸ்டாட்டில் அவர் பிறந்த வீட்டின் சிற்றுரு வந்து சேர 1993 ஆயிற்று. திறந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு. கடல் கடந்த நிலங்களும் அடிமை வாணிகமும் ஈட்டித் தந்த செல்வத்தில் எழுந்த கால்வாயோர மாளிகைகளோ முதல்நாளிலிருந்தே வரிசையாக நிற்கின்றன. 2012இல் பூங்கா புதுப்பிக்கப்பட்டபோது பழைய நகரமைப்பைக் கலைத்து, கருப்பொருள்வாரியாகப் பிரித்து, தொட்டு இயக்கும் விளையாட்டுகளைச் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் ஊர் ஒன்று நடுவிலிருந்து வளர்ந்து வந்ததை நடந்தே உணரவைத்த பௌமாவின் எண்ணம் அதில் தேய்ந்துவிட்டதாக நினைக்கிறேன். போகிறவர்கள் விமான நிலையத்துக்கு ஓடுவதற்குமுன் குரசாவ் வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். பெயருக்குரியவரின் கதை தெரிந்தபின் மற்றதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், நான் படித்தறிந்த சிற்றுருப் பூங்காக்களில் மடுரோடத்தையே மேலாக வைக்கிறேன். காரணம் அதன் கணக்குப்புத்தகம்.

பூங்கா திறந்த 1952ஆம் ஆண்டுதான் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தும் சிகிச்சைக்கு வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. மருந்துகள் வந்தபின் நோயாளி மலைக்காற்றிலும் படுக்கையிலும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்குத் தீர்மானமான விடை கிடைத்த இடம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரைக் குடிசை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்தாருக்கு இணையாக, நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் குணமடைந்தார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் அபாயமும் அதனால் கூடிவிடவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தவற்றில் முதன்மையானது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் சானடோரியம் என்ற பெயரைச் சுமக்கிறது.

லாரன் சானடோரியத்தின் தேவையும் அப்படியே கரைந்தது. எந்த நோக்கத்துக்காக மடுரோ தம்பதியர் பணம் கொடுத்தார்களோ அது பூங்கா திறந்து ஒரு தலைமுறை ஆகுமுன்னே இல்லாமல் போயிற்று. நுழைவுக் கட்டணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. லாபத்தை முதலாளிகள் எடுத்துக்கொள்ளும் சாதாரண கேளிக்கைப் பூங்காவாக அது மாறியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பூங்காவை நடத்தும் அறக்கட்டளை அப்படியே தொடர்ந்தது. மிஞ்சும் பணத்தைக் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் உதவும் அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்க ஏற்பாடு செய்தது. அதற்கான நிதியம் இன்றும் நடக்கிறது.